ஐந்தடிப் பலகையில் ஒரு நிலக்கரி யார்டு

மாடல் ரயில் என்றதும் வட்டமாகத் தண்டவாளம் போட்டு அதில் வண்டி சுற்றிச் சுற்றி வருவதைத்தான் பெரும்பாலானவர்கள் நினைப்பார்கள். அது நல்ல விஷயம்தான், ஆனால் இடம் வேண்டும். பிரிட்டனில் அதிகம் பேர் கையாளும், நிஜத்தில் ஏறக்குறைய 76ல் ஒரு பங்கான ஓஓ அளவில், கடையில் கிடைக்கும் ரெடிமேட் வளைவுகளில் இரண்டாம் ஆரம் என்பது 438 மி.மீ., அதாவது வண்டி ஒரு தடவை முழுசாகத் திரும்பவே ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலப் பலகை தேவைப்படும். இங்கிலாந்தின் வடக்கே நாங்கள் இருக்கும் சின்ன வரிசைவீட்டில் எனக்குக் கிடைத்தது மாடியறை ஜன்னலுக்குக் கீழே நீளமான ஓர் அலமாரியின் மேல்தட்டு மட்டும். அதனால் வட்டத்தை விட்டுவிட்டு, 1500 மி.மீ. நீளம், 300 மி.மீ. அகலத்தில் ஒரு ஷன்டிங் யார்டு கட்டினேன். ஒரு என்ஜின், எட்டு வேகன், மூன்று சைடிங் (வேகன் நிறுத்தும் பக்கத் தடம்), இரண்டு பாயிண்ட் (தடம் இரண்டாகப் பிரியும் இடம்). வண்டி எங்கேயும் போகாது, முன்னும் பின்னும் நகர்ந்து வேகன்களை வரிசை மாற்றும், அவ்வளவுதான்.

இந்த வகை லேஅவுட்டில் எல்லாம் ஒரே விஷயத்தில்தான் நிற்கிறது: என்ஜின் ஆள் நடக்கும் வேகத்தில், தடுமாறாமல், எந்த இடத்திலும் நிற்காமல் ஓட வேண்டும். நிஜ யார்டில் வேகன்களை மாட்டிக் கழற்றும் கொக்கிக்கழியோடு ஒருவர் வேகன்களுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே இருப்பார், அவர் வேகம்தான் வண்டியின் வேகமும். மணிக்கு 5 கி.மீ. என்று வைத்துக்கொண்டு ஓஓ அளவுக்குச் சுருக்கினால் நொடிக்கு 2 செ.மீ.க்கும் குறைவு, ஒரு வேகன் நீளத்தைக் கடக்கவே நாலு நொடிக்கு மேல் ஆகும். இந்த வேகத்தில் தண்டவாளத்தில் கொஞ்சம் தூசி இருந்தாலும், ஒரு ஒயர் இணைப்பு லேசாகத் தளர்ந்திருந்தாலும் என்ஜின் அங்கேயே நின்றுவிடும். அழகு வேலை எல்லாம் அப்புறம். அதனால் இந்தப் பதிவில் பாதிக்கு மேல் பலகைக்குக் கீழே நடந்த வேலைதான்.

திட்டம் என்னுடையது இல்லை. ஆலன் ரைட் என்பவர் கட்டிய இங்கில்நூக் சைடிங்ஸ் என்ற குட்டி லேஅவுட்டின் திட்டம் அது, இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரிந்தது. ஒரு நீள சைடிங்கில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. இவை மூன்றும் சேரும் பக்கத்தில் இருக்கிற தலைப்புத் தடத்தில் என்ஜினும் மூன்று வேகனும் மட்டும் நிற்க இடம், ஒரு விரல் அளவுகூட அதிகம் கிடையாது. எட்டு வேகனில் ஏதாவது ஐந்தைக் குலுக்கலில் எடுத்து, எடுத்த அதே வரிசையில் அவற்றை நீள சைடிங்கில் நிறுத்த வேண்டும். 8 × 7 × 6 × 5 × 4, ஆக 6,720 விதமான ரயில்கள் வரலாம். இரண்டே பாயிண்டில் இவ்வளவு வேலை தரும் திட்டம் வேறு ஒன்றை நான் பார்த்ததில்லை.

அளவுகளை முதலில் காகிதத்தில் எழுதிக்கொள்வது நல்லது. 1950களில் பிரிட்டிஷ் ரயில்வேயில் இரண்டு லட்சத்துக்கும் மேல் ஓடிய 16 டன் நிலக்கரி வேகனின் மாடல், மோதல் தாங்கும் பஃபர் முனையிலிருந்து முனை வரை 8 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, வேகன்களை இணைக்கும் கொக்கியான கப்ளிங் இடைவெளியையும் சேர்த்தால் எட்டரை என்று கணக்கு வைக்கலாம். ஐந்து வேகனுக்கு 43 செ.மீ., மூன்றுக்கு 26. என்ஜின் 08 வகை டீசல் ஷன்டர், மாடலில் கிட்டத்தட்ட 12 செ.மீ. நடுத்தர ஆரமுள்ள பாயிண்ட் ஒன்று 219 மி.மீ. எல்லாவற்றையும் வரிசையாக வைத்தால் ஒன்றேகால் மீட்டரிலேயே அடங்கிவிடுகிறது, மீதி இடம் காட்சிக்கும் கை வைக்கவும்.

பலகைக்கு 9 மி.மீ. பிளைவுட், அடியில் அதே பிளைவுட்டைக் கீற்றுகளாக அறுத்துச் சட்டம். கெட்டியான மரச்சட்டம் போட்டால் கனம் கூடிவிடும், ஒரே ஆள் தூக்க முடியாது. ஒயரிங் செய்யும்போது பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, உட்கார்ந்தபடி வேலை செய்ய முடிவது பெரிய நிம்மதி. மேலே முழுப் பரப்புக்கும் 3 மி.மீ. கார்க் ஒட்டினேன். மெயின் லைன் என்றால் தண்டவாளத்துக்குக் கீழே மட்டும் கார்க் போட்டு ஜல்லிமேடு காட்ட வேண்டும், ஆனால் யார்டில் தரை தட்டையாகத்தான் இருக்கும்.

தண்டவாளம் பெக்கோவின் கோட் 75. பெக்கோ டெவன் கடற்கரையில் பியர் என்ற கிராமத்தில் இருக்கும் கம்பெனி. 75 என்பது தண்டவாளத்தின் உயரம், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 75 பங்கு. கோட் 100 கொஞ்சம் தடிமன், பழைய காலத்து ஆழமான சக்கரங்களையும் ஏற்கும். என் வேகன்கள் எல்லாம் புதிய வகைச் சக்கரம் என்பதால் 75 போதும், பார்வைக்கும் நன்றாக இருக்கிறது.

இங்கே ஓஓ பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதில் வண்டியின் அளவும் தண்டவாளத்தின் அகலமும் ஒன்றோடொன்று பொருந்தாது. வண்டிகள் அடிக்கு 4 மி.மீ., அதாவது 1:76.2. தண்டவாளம் 16.5 மி.மீ., அது ஐரோப்பாவின் எச்ஓ அளவுக்கு, அதாவது அடிக்கு 3.5 மி.மீ. என்ற கணக்குக்குச் சரியான அகலம். பிரிட்டிஷ் ரயில்வேயில் சுரங்கங்களும் பாலங்களும் குறுகலாக இருப்பதால் அங்கே என்ஜின்களே சின்னவை. 1920களில் இருந்த மோட்டார்கள் 3.5 மி.மீ. அளவு பிரிட்டிஷ் என்ஜினுக்குள் நுழையவில்லை, ஆகவே தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு வண்டியைப் பெரிதாக்கினார்கள். 1938ல் ஹார்ன்பி டப்ளோ வந்தபோதும் அதே அகலம்தான், அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. 1435 மி.மீ. நிஜ அகலத்தைச் சுருக்கினால் 18.83 வர வேண்டும், நம்மிடம் இருப்பது 2.33 மி.மீ. குறைவு. நேர் எதிரில் இருந்து பார்த்தால் வண்டி ஒடுங்கிய காலில் நிற்பது தெரியும். இதைப் பொறுக்காதவர்கள் 18.2 மி.மீ. ஈஎம் அளவுக்கோ, 18.83 மி.மீ. பி-4 அளவுக்கோ போய், தண்டவாளத்தைக் கையாலேயே கட்டி, ஒவ்வொரு வண்டிக்கும் சக்கரம் மாற்றுவார்கள். அவர்கள் வேலையைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். நான் யார்டை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டவன், எனக்கு ஓஓ சரி.

இப்போது மின்சாரம். பாயிண்டில் இரண்டு தடங்களின் உள்தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் மூக்குப் பகுதியை ஃபிராக் என்பார்கள். இரண்டு பக்கத் தண்டவாளங்களும் மின்சாரத்தின் இரண்டு முனைகள், ஆகவே வண்டி நேராகப் போகும்போது அந்த மூக்கு ஒரு முனையாகவும், திரும்பும்போது மறுமுனையாகவும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஃபிராக் போட்டால் இந்தத் தலைவலி இல்லை, ஆனால் அந்தச் சில மில்லிமீட்டரில் சக்கரத்துக்கு மின்சாரம் கிடையாது. வேகமாகப் போகும் எக்ஸ்பிரஸ் என்ஜின் அதைத் தாண்டிவிடும், ஆறு சக்கர ஷன்டர் நடைவேகத்தில் வந்தால் மாட்டிக்கொள்ளும். அதனால் உலோக ஃபிராக் உள்ள எலக்ட்ரோஃபிராக் வகைதான் போட்டேன்.

அதைப் போடுவதற்கு முன் பாயிண்டைத் திருப்பி, அடியில் ஃபிராக்கையும் நகரும் நாக்குகளையும் இணைக்கும் இரண்டு சின்னக் கம்பிகளை வெட்டினேன். பிறகு ஒவ்வொரு நாக்குத் தண்டவாளத்தையும் அதற்குப் பக்கத்து வெளித்தண்டவாளத்தோடு மெல்லிய கம்பியால் சால்டர் செய்தேன். இப்போது நாக்கு எப்போதும் பக்கத்துத் தண்டவாளத்தின் முனையிலேயே இருக்கும், நாக்கு அதைத் தொடுவதால் கிடைக்கும் மின்சாரத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை. அந்தத் தொடுமுனையில்தான் தூசியும் பெயிண்டும் சேரும். ஃபிராக்குக்குத் தனி ஒயர். ஃபிராக்கிலிருந்து வெளியே போகும் இரண்டு தண்டவாளங்களுக்கும் உலோக இணைப்பானுக்குப் பதில் பிளாஸ்டிக் இணைப்பான். தண்டவாளம் வழியாகவே என்ஜினுக்குக் கட்டளை அனுப்பும் டிசிசி போன்ற டிஜிட்டல் முறையில் இதில் ஒன்று விட்டுப்போனாலும் ஷார்ட் சர்க்யூட் ஆகி மொத்தப் பலகையும் நின்றுவிடும்.

பாயிண்டை நகர்த்த மோட்டார் எதுவும் போடவில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஸ்லைடு ஸ்விட்ச் ஒன்று போதும். ஸ்விட்ச்சைப் பலகைக்கு அடியில் திருகி, அதன் குமிழில் சின்ன ஓட்டை போட்டு ஒரு பித்தளைக் கம்பியை நுழைத்தேன். கம்பியின் ஒரு முனை பலகையின் முன்பக்கம் வெளியே வந்து கைப்பிடியாகிறது, மறுமுனை மேலே ஏறிப் பாயிண்டின் நகரும் கட்டையைப் பிடித்திருக்கிறது. கைப்பிடியை இழுத்தால் நாக்கு நகரும், அதே அசைவில் ஸ்விட்ச் ஃபிராக்கின் முனையையும் மாற்றிவிடும். ஸ்விட்ச் நகரும் தூரம் நாக்கு நகரும் தூரத்தைவிட அதிகம், ஆகவே கம்பியின் நடுவே ஒரு வளையம் போல மடித்து ஸ்பிரிங் ஆக்க வேண்டும், இல்லையென்றால் நாக்கைப் பிய்த்துவிடும். விலை, எளிமை, ரிப்பேர் எந்தக் கணக்கில் பார்த்தாலும் இதற்கு மேல் ஒரு முறை சின்ன லேஅவுட்டுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

பலகை முழுக்க அடியில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு தடித்த ஒயர்கள், 1.5 சதுர மி.மீ. அவற்றிலிருந்து ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்துக்கும் தனித்தனியாக மெல்லிய ஒயர். இணைப்பான் தகடு மின்சாரம் கடத்தும் என்று நம்பி விட்டுவிடலாம், புதிதில் ஓடவும் ஓடும். ஜல்லிப் பசை உள்ளே இறங்கி, வருஷம் ஒன்று ஆனபிறகு தொல்லை ஆரம்பிக்கும். ஒயரைத் தண்டவாளத்தின் அடிப்பக்கத்தில் சால்டர் செய்தால் மேலே எதுவும் தெரியாது: இரண்டு ஸ்லீப்பருக்கு இடையே உள்ள பிளாஸ்டிக்கை வெட்டி, தண்டவாளத்தை அரத்தால் பளபளப்பாகத் தேய்த்து, அதற்கும் ஒயருக்கும் தனித்தனியே ஈயம் பூசிவிட்டு, அப்புறம் நன்றாகச் சூடான இரும்பை ஒரு நொடி, இரண்டு நொடி மட்டும் வைக்க வேண்டும். சூடு குறைந்த இரும்பை நேரம் நேரமாக வைப்பதுதான் ஸ்லீப்பரை உருக்குகிறது. ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்துச் சோதித்தேன், பாயிண்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி.

என்ஜின் பற்றி. நிஜ 08 வகையை 1952 முதல் 1962 வரை 996 எண்ணிக்கையில் கட்டினார்கள், 350 குதிரைசக்தி, உச்ச வேகம் மணிக்கு 15 மைல். ஓஓவில் அது நொடிக்கு 9 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, ஒரு மீட்டர் கடக்க 11 நொடிக்கு மேல் ஆக வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்து ஓட்டினால் எந்த மாடலும் அதைவிடப் பல மடங்கு வேகத்தில் பாயும். டிசிசி கட்டளையை வாங்கும் டிகோடர் என்ற சின்ன சர்க்யூட் என்ஜினுக்குள் இருக்கிறது, அதில் நாம் மாற்றக்கூடிய ஒவ்வொரு அமைப்புக்கும் சிவி என்று ஓர் எண். சிவி 5ஐக் குறைத்து உச்ச வேகத்தைக் கட்டினேன், சிவி 2ல் கிளம்பும் வோல்டேஜைச் சரி செய்தேன், சிவி 3ல் வேகம் மெல்ல ஏறும்படி வைத்தேன். சிவி 4, அதாவது நிற்கும்போது வேகம் மெல்ல இறங்கும் அளவு, அதைக் கொஞ்சமாக வைப்பது நல்லது, ஷன்டிங்கில் நினைத்த இடத்தில் நிறுத்தியே ஆக வேண்டும். என்ஜின் கூண்டுக்குள் ஒரு ஸ்டே-அலைவ் கெப்பாசிட்டரும் இருக்கிறது, தூசிப் புள்ளியைத் தாண்டும் அந்தக் கணத்துக்கு அது மின்சாரம் கொடுக்கும். அது இணைந்திருக்கும்போது சில டிகோடர்கள் சிவி மதிப்பைத் திருப்பிப் படித்துச் சொல்லாது, எழுதுவதை மட்டும் ஏற்கும், பயப்பட வேண்டாம். ஒரே என்ஜின்தான் என்றால் சாதாரண 12 வோல்ட் டிசி கன்ட்ரோலரே போதும் என்றும் சொல்லிவிடுகிறேன். டிசிசிக்கு நான் போனதற்குக் காரணம் இந்த மெதுவேகமும், முழு வோல்டேஜ் எப்போதும் தண்டவாளத்தில் இருப்பதால் கெப்பாசிட்டர் வேலை செய்வதும்தான்.

வேகன்களில் பிளாஸ்டிக் சக்கரம் இருந்தால் முதலில் மாற்றிவிடுங்கள், தண்டவாளத்தில் கறுப்புப் படிவு சேர அதுவும் ஒரு காரணம். உலோகச் சக்கரம் போட்டு, இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு நடுவே 14.5 மி.மீ. இருக்கிறதா என்று அளவுகட்டையால் பார்க்க வேண்டும். இரண்டாம் கையாக வாங்கிய ஒரு மூடிய வேகன் பாயிண்டில் ஒவ்வொரு தடவையும் ஏறி விழுந்தது, அளந்து பார்த்தால் 14தான். சக்கரத்தைத் திருகி வெளியே இழுத்ததும் குணமாகிவிட்டது. எடை ஒரு அச்சுக்கு 25 கிராம், அதாவது நாலு சக்கர வேகனுக்கு 50. காலி வேகன்களுக்குத் தரைக்கு அடியில் ஈயத் தகடு ஒட்டினேன்.

அதிக யோசனை கொடுத்தது கப்ளிங். பிரிட்டிஷ் மாடல்களோடு வரும் டென்ஷன் லாக் கொக்கி நன்றாகவே பிடிக்கும், ஆனால் கழற்றக் கையோ சரிவுத்தட்டோ வேண்டும். கைபடாமல் ஓட்ட நினைத்ததால் கேடீ கப்ளிங்குக்கு மாறினேன். தண்டவாளத்துக்கு அடியில் காந்தம், அதன் மேல் வண்டியை நிறுத்திக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் இரண்டு கொக்கியும் விலகும், விலகியபடியே வேகனைத் தள்ளிக்கொண்டு போய் விரும்பிய இடத்தில் விட்டு வரலாம். ஒவ்வொரு சைடிங்கின் வாயிலும் பாயிண்டைத் தாண்டியதும் ஒரு காந்தம் புதைத்திருக்கிறேன். இதில் இரண்டு சிக்கல். சில மாடல்களில் கப்ளிங் செருகும் பை சரியான உயரத்தில் இருக்காது, அதற்கு மெல்லிய பிளாஸ்டிக் துண்டு வைத்து ஏற்றினேன். இரண்டாவது, வேகனின் இரும்பு அச்சைக் காந்தம் இழுக்கும், அதனால் லேசாக ஓடும் வேகன் தானாக நகர்ந்து காந்தத்தின் மேல் போய் நிற்கும், அந்த நேரத்தில் கப்ளிங் விலகாது. காந்தத்தில் ஒட்டாத பித்தளை அச்சு போடலாம். நான் செய்தது, ஓர் அச்சில் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டை உரசும்படி ஒட்டியது. நிஜத்திலும் இந்த வேகன்களுக்குக் கொக்கிக்கழிக்காரர் கையால் பிரேக்கை அழுத்தி வைப்பார், அதன் கனமான ஓட்டமும் இதிலேயே கிடைத்துவிட்டது.

இவ்வளவும் ஒழுங்காக ஓடும்வரை ஜல்லி போடவில்லை. பசை காய்ந்தபிறகு பாயிண்டைத் தூக்குவது கொடுமை.

காட்சி 1960 வாக்கில் வடக்கு இங்கிலாந்தின் ஒரு சின்ன ஊர் நிலக்கரி யார்டு. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டத்துக்குப் பிறகு 1956ல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் வீட்டுக்கு வீடு கரியடுப்பு எரிந்த காலம். ஊருக்கு வரும் கரியை வியாபாரிகள் வேகனிலிருந்து மண்வெட்டியால் அள்ளி, 112 பவுண்டு, நம் கணக்கில் 51 கிலோ, மூட்டைகளாகக் கட்டி லாரியில் ஏற்றுவார்கள். இப்படிப்பட்ட யார்டில் வெள்ளைக் கருங்கல் ஜல்லி இருக்காது, சாம்பலும் கரித்தூளும்தான். எனக்கு இது வசதி: இந்தத் தண்டவாளத்தில் ஸ்லீப்பர்கள் எச்ஓ கணக்கில் நெருக்கமாக இருக்கும், சாம்பலை ஸ்லீப்பர் மட்டத்துக்கு நிரப்பிவிட்டால் அது கண்ணில் படாது. நைஸான மணலைக் கருஞ்சாம்பல் நிறத்தில் சாயம் போட்டு உலர்த்தித் தூவினேன், பெவிகால் போன்ற பிவிஏ பசையைச் சமஅளவு தண்ணீரில் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, சொட்டுமருந்துக் குழாயால் இறக்கினேன். அந்த ஒரு சொட்டு இல்லையென்றால் பசை மேலேயே முத்து முத்தாக நிற்கும். பாயிண்டின் நாக்குப் பக்கம் மட்டும் பசையே விடாமல், முன்னதாகத் துளி எண்ணெய் வைத்தேன்.

எட்டு வேகன்களும் தூரத்திலிருந்தே வேறுவேறாகத் தெரிய வேண்டும், எண்களை நம்ப முடியாது, அவை ஒரு மி.மீ. உயரம்தான். அதனால் 16 டன் வேகன் மூன்று, அடிப்பக்கம் திறந்து கொட்டும் ஒரு ஹாப்பர், இரண்டு மூடிய வேகன், ஒரு பலகைவேகன், கன்டெய்னர் ஏற்றிய ஒரு தட்டைவேகன். ரயில் முழுவதுக்கும் சேர்ந்து பிடிக்கும் தொடர் பிரேக் இல்லாதவை சாம்பல் நிறம், வேக்குவம் பிரேக் உள்ளவை செம்பழுப்பு, பிரிட்டிஷ் ரயில்வேயின் வழக்கம் அது. 16 டன் வேகன்களில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கும், கதவுள்ள முனை எது என்று காட்டுவதற்கு. மூன்றையும் துருவின் அளவை மாற்றிப் பிரித்துக் காட்டினேன்.

ஓட்டும்போது மகள்தான் சீட்டு எடுப்பாள். எட்டுச் சீட்டைக் குலுக்கி ஐந்தை வரிசையாக வைத்துவிட்டு, "அப்பா, ஹாப்பர் முதல்ல, பார்த்துக்கோங்க" என்பாள். ஹாப்பர் அந்த நேரம் நீள சைடிங்கின் ஆழத்தில் ஐந்தாவதாக நிற்கும். முதலில் முன்னால் உள்ள மூன்றை வெளியே இழுக்க வேண்டும், அதற்குமேல் தலைப்புத் தடத்தில் இடமில்லை, எனவே அவற்றைக் காலியான குட்டை சைடிங்கில் விட்டுவிட்டு, திரும்பி வந்து மிச்சம் இரண்டை எடுத்து, அதற்குள் ஒன்றை எங்கே நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மூன்று சைடிங்கும் நிறைந்தது போலத் தோன்றும். ஒவ்வொரு இணைப்புக்கும், கழற்றலுக்கும் நான் பத்து எண்ணுகிறேன், கொக்கிக்கழிக்காரர் நடந்து வர அவ்வளவு நேரமாவது ஆகும். அப்படி ஓட்டினால் ஒரு ரயில் கட்ட அரைமணி பக்கம் போகிறது. அவளுக்கு ஒரு தனி வழி இருக்கிறது, கடைசி வேகனை முதலில் இடத்தில் வைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவாள், என்னைவிடக் குறைந்த நகர்வில் முடிக்கிறாள்.

பராமரிப்பு அதிகம் இல்லை. துணியை மரக்கட்டையில் சுற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் தண்டவாளத்தைத் துடைப்பது, அவ்வளவுதான். சொரசொரப்பான ரப்பர் கட்டையால் தேய்ப்பவர்கள் உண்டு, அது விடும் கீறல்களில் அழுக்கு சீக்கிரம் சேர்கிறது என்பதால் நான் தொடுவதில்லை. என்ஜின் சக்கரத்துக்கு, ஆல்கஹாலில் நனைத்த துணியைத் தண்டவாளத்தின் மேல் குறுக்கே போட்டு, என்ஜினின் பாதிச் சக்கரம் துணியிலும் பாதி தண்டவாளத்திலும் நிற்கும்படி பிடித்து ஓடவிட வேண்டும், துணியில் கறுப்புக் கோடு விழும். பிறகு திருப்பி வைத்து மறுபாதி.

அடுத்த வேலை கரிப்பாரம். நிஜக் கரியை நசுக்கிச் சலித்து, வேகனுக்குள் உட்காரும் அளவு ஸ்பாஞ்சுத் துண்டின் மேல் ஒட்டி, நடுவில் ஓர் இரும்பு வாஷரைப் புதைத்தால், பென்சில் முனையில் ஒட்டிய சின்னக் காந்தத்தால் பாரத்தைத் தூக்கி எடுத்துவிடலாம். வேகன் நிரம்பி வந்து காலியாகத் திரும்பும். அதற்குப் பிறகு தலைப்புத் தடத்தின் முனையில் கழற்றி மாட்டும் ஒரு பலகைத்துண்டு, யார்டுக்கு வண்டி வெளியிலிருந்து வந்து சேரும்படி. அதற்கான இரண்டு ஒயரை இப்போதே இழுத்து, முனையில் டெர்மினல் பிளாக் போட்டு வைத்திருக்கிறேன்.